வலிப்பு, காசநோய் மருந்து எடுப்பவர்களுக்கு இதையும் சொல்லுங்கள்

முதல் குழந்தைக்குப் பிறகு கருத்தடை மாத்திரையே எளிது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. வேறு நோய் இல்லாதவர்களுக்குச் சரி. வலிப்புக்கு கார்பமாசெபின், பெனிட்டாயின் சாப்பிடும் பெண்ணுக்கு அதை நம்ப முடியாது. அந்த மருந்துகளால் கல்லீரல் மாத்திரையிலுள்ள ஹார்மோனை வேகமாகச் சிதைத்துவிடும். ஒருநாள் விடாமல் விழுங்கியும் கரு தங்கிவிடுவது இதனால்தான். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் அப்படியே, நிறுத்திய பிறகும் 4 வாரம் கவனம் வேண்டும். லாமோட்ரிஜின் என்ற இன்னொரு வலிப்பு மருந்து என்றால் தலைகீழ்: ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரை அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்து, அடங்கியிருந்த வலிப்பைத் திரும்பக் கொண்டுவரலாம்.

கார்பமாசெபின், ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு கருப்பையில் வைக்கும் செம்புச் சாதனமான காப்பர்-டி 380ஏ நல்லது. 10 வருடம் தாங்கும், மருந்தோடு மோதாது. 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசியும் ஆகும். வேலூர்க்காரர்கள் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் கேட்கலாம். ஆனால் இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் எடுப்பவர்கள், ரத்தசோகை உள்ளவர்களுக்கு காப்பர்-டியால் மாதவிடாய்ப் போக்கு கூடும். அதற்குப் பதிலாகக் கருப்பையில் வைக்கும் ஹார்மோன் சாதனம் பற்றி இதய மருத்துவரிடமும் பேசுங்கள்.

கண்ணில் மின்னல் கோடுகள் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள், காலில் ரத்தக்கட்டு வந்தவர்கள் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தொடவே கூடாது. மருந்துக்கடையில் தானாகப் போய் வாங்காதீர்கள், தயவுசெய்து. சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.