லெட்டர் கொடுத்து முடிச்சப்புறமும் விடமாட்டேங்கறாரு

முடிச்சாச்சுன்னா முடிச்சாச்சுதானே? ஒருத்தரோட கணக்கு எழுதற வேலையிலேர்ந்து விலகறேன்னு ஒரு மாசம் நோட்டீஸ் கொடுத்து, ஃபைல் எல்லாம் அடுக்கி கையில ஒப்படைச்சு, கையெழுத்தும் வாங்கினதுக்கு அப்புறம், இன்னிக்கு ஞாயித்துக்கிழமை காலங்காத்தால, நான் மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயில்ல சாமி கும்பிட்டுட்டு நிக்கும்போது போன் மேல போன் போட்டு "தங்கச்சி, இந்த தடவை வாட் வரிக் கணக்கு நீதானே போடற?"ன்னு அவரே கேட்டா வயிறு எரியுமா எரியாதா? மத்த நேரமெல்லாம் இங்கிலீஷ்ல அதட்டல், காரியம் ஆகணும்னா மட்டும் தங்கச்சி!

புக்கீப்பிங் பண்றவங்களுக்கு இந்த ஆளை நான் விவரிக்கவே வேண்டாம், இங்க தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஆளாளுக்கு இப்படி ஒருத்தர் இருக்காரு. பில்டிங் கான்ட்ராக்டர். வேலைக்கு ஆள் இருக்கு, காசு இருக்கு, சாமான் வாங்கின ரசீது ஸ்லிப் ஒண்ணை ஒழுங்கா எடுத்து வைக்க மட்டும் நேரம் இல்ல. வரி ஆபீஸோட இ-ஃபைலிங் வெப்சைட்ல வாட் கட்ட மாசக் கடைசி வேலை நாள் வரைக்கும் டைம் உண்டுன்னு தெரிஞ்சதுலேர்ந்து அந்த கடைசி நாள் மத்தியானம்தான் பாக்கெட் நிறைய ஸ்லிப் வந்து இறங்கும். ஒரு நாள் லேட்டானா 10 சதவீதம் பெனால்டி, மேல வட்டி. அந்த பெனால்டிக்கும் நான்தான் காரணமாம்!

நான் விலகினது அதுக்காகக்கூட இல்ல. டபுள் கேப் பக்கி, அதான் ரெண்டு வரிசை சீட் உள்ள பிக்கப் வண்டி, ஒண்ணு வாங்கிட்டு வந்து நின்னாரு, அதோட வாட்டை திரும்ப வாங்கிக் கொடுன்னு. சிங்கிள் கேப்னா வாங்கலாம், டபுள் கேப்பை வாட் சட்டத்துல மோட்டார் காரா பாக்கறாங்க, கிடைக்காதுன்னு சொன்னேன். சரி டீசலுக்காவது கேளுன்னாரு. டீசலுக்கு இங்க ஜீரோ ரேட், அதுல வாட்டே இல்ல, கட்டாத வாட்டை எப்படி திரும்ப கேக்கறது? சனிக்கிழமை வீட்ல கறி சுட்டு சாப்பிடற பிராய் விருந்துக்கு வாங்கின ஆட்டுக்கறி ஸ்லிப்பையும் சேர்த்து நீட்டினாரு, "ஸ்டாஃப் என்டர்டெய்ன்மென்ட்"னு. அதுக்கும் கிடையாதுன்னேன். அப்போ சொன்னாரு பாருங்க, "ஏதாவது ஸ்பேர் பார்ட்ஸ்னு எழுதிடு, யாரு பாக்கப்போறா?" வேணும்னே ஏமாத்தினதா சார்ஸ், அதான் இங்க வரி ஆபீஸ், முடிவு பண்ணா விட்டுப்போன வரிக்கு மேல 150 சதவீதம் அபராதம், திரும்ப மாட்டினா 200. ஸ்பேர் பார்ட்ஸ்னு எழுதின கை என்னோடது, நாளைக்கு விசாரணைன்னு வந்தா அவரு என்னைத்தான் கை காட்டுவாரு. அன்னிக்கு ராத்திரியே லெட்டர் எழுதிட்டேன்.

எவ்வளவு மரியாதையா எழுதினேன் தெரியுமா! ஒரு குத்தம் சொல்லல. கடைசி தேதி இது, அதுவரைக்கும் உள்ள வாட்டும் சம்பள வரியும் நான் போட்டுடறேன், அடுத்தடுத்து கட்ட வேண்டிய தேதிகள் இது, ஃபைல் எல்லாம் இந்த நாள்ல ஒப்படைக்கறேன், புது ஆள் வந்ததும் இ-ஃபைலிங்ல உங்க கணக்கை விட்டுக்கொடுக்கறேன், அஞ்சு வருஷத்துக்கு இந்த ரெக்கார்டு எதையும் தூக்கி எறியாதீங்க, என் ஃபீஸ் இவ்வளவு பாக்கி. இதுக்கு மேல கௌரவமா ஒருத்தர்கிட்டேர்ந்து விலக முடியுமா? பதில் என்ன வந்துச்சு? வாய்ஸ் நோட். அதுக்கு மேல வாய்ஸ் நோட். "உன்னை என் சொந்த தங்கச்சியா நினைச்சேனே." சொந்த தங்கச்சியோட ஃபீஸை மாசக்கணக்கா நிறுத்தி வைக்கறவரு!

ஒப்படைக்கற நாள் வந்துச்சு பாருங்க, வியாழக்கிழமை சாயங்காலம், அதை நினைச்சா இப்பவும் கை நடுங்குது. டைனிங் டேபிள் மேல லீவர் ஆர்ச் ஃபைல் எல்லாத்தையும் வருஷ வாரியா அடுக்கி வெச்சிருந்தேன், லிஸ்ட் ரெண்டு காப்பி, பக்கத்துல பேனா. வந்து பத்து நிமிஷத்துல கையெழுத்து போட்டுட்டு தூக்கிட்டு போற வேலை. மனுஷன் உக்காந்தாரு, விரலை நாக்குல தொட்டாரு, முதல் ஃபைல் முதல் பக்கத்துலேர்ந்து எண்ண ஆரம்பிச்சாரு. ஸ்லிப்பு ஸ்லிப்பா! வேலை செஞ்ச காலத்துல ஒரு ஸ்லிப்பை கண்ணால பாக்காத ஆளு, அன்னிக்குத்தான் சிமென்ட் எங்க வாங்கினோம் செங்கல் எங்க வாங்கினோம்னு ஒவ்வொண்ணா வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு பாக்கறாரு. நடுவுல ஒண்ணு வெள்ளையா வந்துச்சு. "இது என்ன வெறும் பேப்பர், ஒரிஜினலை எங்க வெச்சிருக்க?" அண்ணா, அதுதான் ஒரிஜினல், வண்டி டேஷ்போர்டுல போட்டு வெயில்ல காய வெச்சீங்க, எழுத்து மறைஞ்சிடுச்சு, அது மறையறதுக்கு முன்னாடி நான் எடுத்த போட்டோகாப்பி பின்னாடியே இருக்கு, திருப்பிப் பாருங்கன்னேன். திருப்பல. "ஒரிஜினல் காணோம்"னு போன்ல தன் தம்பிக்கு சொல்றாரு, என் வீட்ல, என் நாற்காலில உக்காந்துகிட்டு, எங்க வீட்டுக்காரர் போட்டுக் கொடுத்த டீயை குடிச்சுக்கிட்டு! பசங்க சாப்பிட டேபிள் இல்லாம தட்டை மடியில வெச்சு சாப்பிட்டாங்க. மறுபடி டீ. மறுபடி முதல் ஃபைல். நடுவுல எண்ணிக்கை விட்டுப்போச்சாம்.

கையெழுத்து போடுங்கண்ணான்னு கேட்டா, "போட்டா நீ போயிடுவ"ங்கறாரு.

ஆமா, போறதுக்குத்தானே இவ்வளவும்! கடைசில ராத்திரி பத்தரை மணிக்கு மேல, அத்தனை பக்கத்தையும் தன் கையால எண்ணி முடிச்சிட்டு, கையெழுத்தைப் போட்டு அதுக்கு மேல "செக் பண்ணவில்லை"ன்னு எழுதினாரு. எழுதிட்டு என் முகத்தைப் பாக்கறாரு. என் வாழ்க்கையில ஒருத்தரை கதவைத் திறந்து வெச்சு வெளிய போங்கன்னு சொல்லணும்னு தோணினது அன்னிக்குத்தான். சொல்லல. ஃபைலை வண்டி வரைக்கும் தூக்கிட்டு போய் வெச்சது எங்க வீட்டுக்காரரு. அந்த டபுள் கேப்லதான்.

இவ்வளவுக்கும் அப்புறம்தான் இன்னிக்கு கோயில்ல அந்த போன். நோட்டீஸ் காலம்னா ஓசில வேலை வாங்கற காலம்னு இவங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? புது ஆளைத் தேடறதுக்குத்தானே அந்த மாசம்! தேடினாரா? "நீ கோவம் தணிஞ்சு வருவேன்னு இருந்தேன்"ங்கறாரு. இது கோவம் இல்லங்க, தொழில். டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் இப்படி பேசுவாரா? கணக்கு எழுதற பொம்பளைன்னா மட்டும் வீட்டு மனுஷி ஆயிடறோம்.

நான் கம்பெனி இல்ல, என் சொந்த பேர்ல தொழில் பண்றவ. அதனால பாக்கி ஃபீஸுக்கு, சின்ன தொகை வழக்கெல்லாம் பாக்கற ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்ல 20,000 ராண்ட் வரைக்கும் வக்கீல் இல்லாம நானே போய் நிக்கலாம். 14 நாள் டைம் கொடுத்து டிமாண்ட் லெட்டர் இன்னிக்கே எழுதறேன், அதுலயும் ஒரு மரியாதை குறையாது, ஆனா ஒரு சென்ட் விடமாட்டேன்.

இந்த லட்சணத்துல ஜூலைல வருமான வரி ரிட்டர்ன் போடற ஃபைலிங் சீசன் வேற வருது. கோயில்லேர்ந்து வெளிய வந்து செருப்பு கூட மாட்டல, எங்க வீட்டுக்காரரோட பெரியப்பா பையன் தோள்ல கையைப் போட்டு "அண்ணி, என் ரிட்டர்னையும் சும்மா பாத்துடுங்களேன், ஒரு நிமிஷ வேலைதானே"ங்கறான். ஒரு நிமிஷ வேலைன்னா நீயே போடுடா!