கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன் ராணுவத்தை உதறியவர் இல்லை

அமெரிக்காவின் கிராமிய இசையான கன்ட்ரி இசை கேட்பவர்களிடம், பாடகரும் பாடலாசிரியருமான கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன் பெயரைச் சொன்னால் முதலில் வருவது ஹெலிகாப்டர் கதைதான். கன்ட்ரி இசையின் பெரிய நட்சத்திரமான ஜானி கேஷ் வீட்டுப் புல்வெளியில் ஹெலிகாப்டரை இறக்கி, தன் பாட்டு டேப்பைக் கொடுத்தார் என்பார்கள். கையில் பீரோடு இறங்கினார் என்று கேஷ் சொல்லியிருக்கிறார். கேஷ் அன்றைக்கு வீட்டிலேயே இல்லை என்று கிறிஸ் சொன்னார். எப்படியோ, நல்ல கதை. ஆனால் அந்த மனிதருக்கு ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதுதான் என் ஆதங்கம்.

ராணுவத்தைத் தூக்கியெறிந்துவிட்டுப் பாட வந்தவர் என்றே அவரை எழுதுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்பா விமானப்படையில் மேஜர் ஜெனரல். மகன் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போய் ஆங்கில இலக்கியம் படித்தவர். அப்புறம் ராணுவத்தில் சேர்ந்தார். ரேஞ்சர் என்ற சிறப்புப் படையினருக்கான பயிற்சி, ஹெலிகாப்டர் பயிற்சி, மேற்கு ஜெர்மனியில் பணி, கேப்டன் பதவி. அங்கேயே சக வீரர்களைச் சேர்த்து ஒரு இசைக்குழுவும் நடத்தினார். வியட்நாமுக்கு அனுப்புங்கள் என்று தானாகவே கேட்டவர். மேலிடமோ வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் இலக்கியம் கற்பிக்கச் சொன்னது. 1965இல் அந்த வேலையை வேண்டாமென்று விட்டுவிட்டு, கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குக் குடிபோனார். வீட்டில் அவரைக் கைகழுவிவிட்டார்கள். நாஷ்வில்லில் கொலம்பியா இசைப்பதிவு ஸ்டூடியோவில் தரை கூட்டினார், சாம்பல் கிண்ணங்களைக் கொட்டிக் கழுவினார். 1966இல் பாப் டிலன் அங்கே ஒலிப்பதிவு செய்தபோது கேப்டன் கிறிஸ்டோஃபர்சன் துப்புரவுப் பணியாளர்.

அந்த வருமானத்தில் பிள்ளைகுட்டிகளோடு வாழ முடியுமா? கைகொடுத்தது ராணுவம் கற்றுக்கொடுத்த தொழில்தான். ஒரு வாரம் லூசியானாவில் தங்கி மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்குவார், மறுவாரம் நாஷ்வில்லில் பாட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைவார். நடுக்கடலில், சுற்றிலும் தண்ணீர் மட்டுமே தெரியும் ஓர் இரும்பு மேடையில் உட்கார்ந்துதான் ‘ஹெல்ப் மி மேக் இட் த்ரூ த நைட்’ பாட்டை எழுதினார். ‘மி அண்ட் பாபி மெகீ’யும் அந்தக் காலத்தில் பிறந்ததுதான். அதைப் பாடிய ஜானிஸ் ஜாப்ளின் 1970 அக்டோபரில் இறந்துபோனார், அடுத்த வருடம் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ராணுவம் தந்த கைத்தொழில் இல்லாவிட்டால் இந்தப் பாட்டுகள் வந்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

நான் அவரை மதிப்பது இதற்காக மட்டுமில்லை. நாஷ்வில் வந்த புதிதில் அவர் எழுதிய ‘வியட்நாம் ப்ளூஸ்’ வீரர்கள் பக்கம் நின்று போர் எதிர்ப்பாளர்களைச் சாடிய பாட்டு. 1966இல் டேவ் டட்லி என்ற கன்ட்ரி பாடகர் பாடி வெற்றியும் பெற்றது. அந்த மனிதர்தான் 1980களில் நிகரகுவாவுக்குப் போனார், மத்திய அமெரிக்காவில் தன் நாடு செய்வது அநியாயம் என்று மேடையிலேயே சொன்னார். கன்ட்ரி ரசிகர்களுக்கு அது கசந்தது. வானொலிகளும் அவரைக் கண்டுகொள்ளாமல் போயின. தேசப்பற்று இல்லாதவர் என்றார்கள். வியட்நாம் போகிறேன் என்று கைதூக்கிய ஆளைப் பார்த்து இப்படிச் சொல்ல எப்படித்தான் மனம் வந்ததோ!

1992 அக்டோபரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில், ஓர் இசை நிகழ்ச்சியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் போப் படத்தைக் கிழித்ததற்காக, பாட வந்த அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓ’கானரை அரங்கமே கூச்சலிட்டு விரட்டப் பார்த்தது. அவரை இறக்கிக் கூட்டிவரச் சொல்லி கிறிஸை அனுப்பினார்கள். அவர் போனார். ஆனால் கூட்டிவரவில்லை. தோளில் கைபோட்டு, மனம் தளராதே என்று காதோடு சொன்னார். அந்தப் பெண் நின்று பாடினார், உள்ளே திரும்பியபோது இவர்தான் அணைத்துக்கொண்டார். தனியாக மாட்டிக்கொண்டவரை அப்படியே விட்டுவிட்டு வராத அந்தக் குணத்தில் ஒரு ராணுவ அதிகாரியைத்தான் நான் பார்க்கிறேன்.

2003இல் அவருக்கு அந்த ஆண்டின் சிறந்த முன்னாள் படைவீரர் விருதும் கிடைத்தது, போர்களை எதிர்த்து அத்தனை வருடம் பாடிய பிறகு. 2024 செப்டம்பர் 28 அன்று ஹவாய் மாவி தீவில், 88 வயதில் போய்ச் சேர்ந்தார். அவரைப் பற்றி இனி எழுதுகிறவர்கள் அந்த ராணுவ வருடங்களை ஒற்றை வரியில் தாண்டிப் போகாமல் இருந்தால் போதும்.