பீப் ஒலி மட்டும் போதாது
மின் அளவுகளைப் பார்க்கும் கருவியான மல்டிமீட்டர் பற்றி, "பழைய மல்டிமீட்டரின் இரு முனைகளையும் சேர்த்துத் தொடுங்கள், பீப் ஒலி வந்தால் மீட்டர் முழுக்கச் சரி" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு. ஒயர்களும் தொடர்ச்சி (மின்பாதை அறுபடாமல் இருக்கிறதா என்று) பார்க்கும் பகுதியும் வேலை செய்வதை மட்டுமே அந்த ஒலி சொல்கிறது. வோல்ட் அளவு பிழையாக இருக்கலாம். மின்னோட்டம் அளக்கும் பகுதியின் ஃபியூஸ் எரிந்தும் போயிருக்கலாம்.

மீட்டரைச் சோதிக்க, புதிய ஏஏ அல்கலைன் பேட்டரியை அளந்தால் 1.5 முதல் 1.6 வோல்ட் வரை காட்ட வேண்டும். பழுப்பு, கறுப்பு, சிவப்பு, தங்க வளையங்கள் கொண்ட ரெசிஸ்டரை (மின்தடையை) அளந்தால் 950 முதல் 1,050 ஓம்ஸுக்குள் வர வேண்டும். ஃபியூஸைச் சோதிக்கும் முறையை மீட்டரின் கையேட்டில் பாருங்கள்.

பழுதான மீட்டர் பூஜ்யம் காட்டுவதை நம்பி, மின்சாரம் இல்லை என்று நினைத்து மின்கம்பியில் கை வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.