ராப்பரின் காதில் வேறு என்ன ஓடுகிறது?

மதுரையில் ராப் எழுதிப் பாடும் தம்பி ஒருவர் அண்மையில் தம் ப்ளேலிஸ்டைப் படமெடுத்துப் பகிர்ந்திருந்தார். அதில் ராப் பாதிகூட இல்லை, டி.எம்.சௌந்தரராஜனும் மதுரை சோமுவும் உறுமி மேளப் பதிவுகளும் கொஞ்சம் ஜாஸும் கலந்து கிடந்தன. "அப்பா போனை எடுத்துட்டியா ப்ரோ" என்று தொடங்கிய கேலி, "நீயெல்லாம் ராப்பரா" என்பதுவரை போயிற்று. கேலி செய்தவர்களில் பலரும் ராப் பாடுகிறவர்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். (சோமுவின் ஆலாபனையை முழுதாகக் கேட்கும் பொறுமை இந்த வயதில் ஒருவருக்கு இருப்பதே எனக்கு வியப்பு, அது வேறு கதை.)

ராப் என்ற கலையே பிற இசையைக் கேட்டதில் பிறந்தது. 1973-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்துகளில் ஓடியவை ராப் இசைத்தட்டுகள் அல்ல. அப்படி ஒன்று அன்றைக்கு இருக்கவே இல்லை. ஜேம்ஸ் பிரௌன் போன்றவர்களின் ஃபங்க் என்னும் தாளம் தூக்கலான ஆட்ட இசைத் தட்டுகளில், பாட்டு ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் கேட்கிற சில நொடிகளை, ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு அவர் நீட்டினார்; அந்த நீட்டலின் மேல்தான் பேச்சு ஏறியது. நம் பக்கமும் அப்படித்தான். மலேசியாவின் யோகி பி குழுவினர் 2006-இல் தமிழ் ராப்பை நம் ஊர்களுக்குள் கொண்டுவந்து சேர்த்தபோது, அவர்கள் கையிலெடுத்தது பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா 1980-இல் ‘நிழல்கள்’ படத்துக்கு இசையமைத்த ‘மடை திறந்து’ பாட்டைத்தான்.

ஆனால் சாம்பிள் எடுப்பதற்காக, அதாவது பழைய பதிவில் ஒரு துண்டை வெட்டித் தன் பாட்டில் வைப்பதற்காகக் கேட்பது ஒன்று, காது பழகுவதற்காகக் கேட்பது இன்னொன்று. நான் பேச விரும்புவது இரண்டாவதைப் பற்றி. அமெரிக்க ராப்பர் ராக்கிம் சிறுவயதில் சாக்ஸபோன் வாசித்தவர். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் வாசிப்பை மனத்தில் வைத்துத் தம் வரிகளை அமைக்க முயன்றதாக அவரே சொல்லியிருக்கிறார். வரியின் கடைசியில் மட்டும் இயைபைப் போட்டு முடிப்பதை விட்டு, வரியின் நடுவிலும் அடுத்த பாரின் (தாளச் சுற்றின்) தொடக்கத்திலும் அதைக் கொண்டுபோய் வைத்த அவருடைய ஃப்ளோவில் (தாளத்தின் மேல் சொல் ஓடும் போக்கில்) சாக்ஸபோன் எங்குமே கேட்காது. அதைக் கேட்ட காது மட்டும் தெரியும். அவுட்காஸ்ட் என்ற அமெரிக்க ராப் குழுவின் பிக் பாய், இங்கிலாந்துப் பாடகி கேட் புஷ்ஷின் நெடுங்கால ரசிகர். அந்த ரசனைக்கு அவர் பாட்டில் அடையாளம் தேடினால் எளிதில் அகப்படாது, அகப்பட வேண்டிய கட்டாயமும் இல்லை.

இனி டி.எம்.எஸ். விஷயத்துக்கு வருகிறேன். 1964-இல் வந்த ‘அருணகிரிநாதர்’ படத்தில் மதுரைக்காரரான அவர் பாடிய ‘முத்தைத்தரு’ திருப்புகழை "அந்தக் கால ராப்" என்று மீம் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேகமாகப் பாடுவதெல்லாம் ராப் ஆகிவிடாது. ஆனால் ஒரு ராப்பர் அதிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. வில்லாபுரத்தில், சுவரெல்லாம் போர்வை மாட்டிய ஒரு மாடி அறையில், அந்தத் தம்பி பீட்டை நிறுத்திவிட்டுத் தொடையில் தட்டிக்கொண்டே அதன் சந்தத்தை மட்டும் சொல்லிப் பழகியதைப் பார்த்தேன். ‘தத்தத்தன தத்தத் தனதன’ என்பது மூன்று முறை வந்து, பிறகு ‘தனதான’ என்ற தொங்கலில் இறங்குகிறது. வல்லொற்று விழும் இடங்களில் நாக்கு அடைத்துக்கொள்கிறது, ‘தனதன’வில் அவிழ்ந்து ஓடுகிறது, தொங்கல் வரும்போதுதான் மூச்சுக்கு இடம் கிடைக்கிறது. எங்கே அடைப்பது, எங்கே அவிழ்ப்பது, எங்கே மூச்சு வாங்குவது என்ற இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் ஃப்ளோவில் பெரும்பங்கு முடிந்துவிட்டது. இணையத்தில் இலவசமாக இறக்கிய பீட்டின் மேல் அமெரிக்கப் பாடகரின் ஏற்ற இறக்கத்தை அப்படியே போட்டு, தமிழ்ச் சொல்லின் குறிலை நெடிலாக இழுக்கிறவர்களுக்கு இது வாய்ப்பதில்லை.

உறுமியிலும் இதே சிக்கல் உண்டு. சித்திரைத் திருவிழா நெருங்கினால் போதும், ஒவ்வொரு பாட்டிலும் நான்கு பார் உறுமியைச் செருகி "மதுரை சவுண்டு" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். வளைந்த குச்சியால் தோலை உரசும்போது எழும் அந்த முனகல் எத்தனை அடிகளைத் தாண்டி நீள்கிறது, நையாண்டி மேளத்தில் அடிக்கடி வரும் மும்மூன்று எண்ணிக்கையை நான்கு நான்காக ஓடும் பீட்டின் மேல் எப்படி உட்காரவைப்பது என்றெல்லாம் கவனித்துக் கேட்டவர் மிகச் சிலர். மற்றவர்களிடம் உறுமி வெறும் ஒப்பனைதான்.

கேட்பதோடு ஒரு கடனும் வருகிறது. லதா மங்கேஷ்கர் குரலில் அமைந்த பப்பி லஹிரியின் பாட்டை அனுமதியில்லாமல் எடுத்தாண்ட, அமெரிக்கப் பாடகி ட்ரூத் ஹர்ட்ஸின் ‘அடிக்டிவ்’ பாட்டினால் பிரச்சினை எழுந்து, இசையமைப்பாளரின் பெயரைப் போடாமல் அந்தப் பாட்டு இடம்பெற்ற தொகுப்பை விற்கக் கூடாது என்று 2003-இல் அமெரிக்க நீதிமன்றம் தடுத்தது. பெரிய இசையமைப்பாளருக்கு வழக்கறிஞர் கிடைப்பார். கோயில் கொடையில் வாசித்த மேளக்காரரைக் கைப்பேசியில் பதிந்து, அதை வெட்டி லூப் ஆக்கி, அதாவது திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பாட்டு வெளியிடுகிறவர்களை யாரும் கேட்கப்போவதில்லை. அந்தத் தம்பியிடம் நான் கேட்டது இது ஒன்றைத்தான்: அடுத்த பாட்டில் உறுமி வந்தால், வாசித்தவரை அறைக்கே அழைத்துவந்து பதிவு செய்து, சம்பளம் கொடுத்து, பாட்டின் விவரத்தில் தன் பெயருக்குப் பக்கத்திலேயே அவர் பெயரையும் போட வேண்டும். சரியென்றிருக்கிறார், பாட்டு வந்ததும் பார்ப்போம்.