பழ ஈயும் மனிதத் துணைத்தேர்வும்

ஆண் பலரை நாடுவான், பெண் ஒருவனைத்தான் தேர்ந்தெடுப்பாள், இது பரிணாமம் வகுத்த இயல்பு என்று அறுதியிட்டு எழுதுகிறவர்களை அடிக்கடி படிக்கிறேன். பரிணாமத்தை நானும் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதன் பெயரால் சொல்லப்படும் இந்த முடிவை ஏற்க முடியவில்லை.

இக்கருத்தின் வேர் 1948இல் இங்கிலாந்தில் மரபியலாளர் ஆங்கஸ் ஜான் பேட்மேன் பழ ஈக்களை வைத்துச் செய்த சோதனையில் இருக்கிறது. டி.என்.ஏ. பரிசோதனை இல்லாத காலம் என்பதால், வெவ்வேறு மரபுக் குறைகள் கொண்ட ஈக்களை ஒன்றாக அடைத்து, பிறந்தவற்றில் எந்தெந்தக் குறை தெரிகிறது என்று பார்த்து, தாய் யார், தந்தை யார் என்று கணித்தார். கூடும் துணைகள் பெருகினால் ஆணுக்குத்தான் வாரிசுகள் பெருகும், பெண்ணுக்குப் பெரிய ஆதாயம் இல்லை என்று முடிவு கட்டினார்.

ஆனால் அச்சோதனை முறையிலேயே ஒரு சிக்கல் இருந்தது. இரு பெற்றோரின் குறைகளையும் சேர்த்துப் பெற்ற ஈக்கள் பல, வளர்வதற்கு முன்பே செத்துவிட்டன. செத்தவை கணக்கில் வராததால், நடந்த கூடல் சில நடக்காததாகவே பதிவாயிற்று. அதே சோதனையைத் திரும்பச் செய்த உயிரியலாளர் பட்ரிசியா கோவாட்டி குழுவினர் 2012இல் இதை வெளியிட்டார்கள். பேட்மேனின் எண்களிலேயே தாய்களைவிடத் தந்தைகளுக்குப் பிள்ளைகள் கூடுதலாக வந்திருந்தன. ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய் ஒன்று, தந்தை ஒன்று என்னும்போது அது எப்படிப் பொருந்தும்? எதிர்பார்த்த விடையே கிடைத்ததால்தான் இத்தனை காலம் யாரும் கணக்கைத் திருப்பிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

1972இல் உயிரியலாளர் ராபர்ட் டிரிவர்ஸ் பேட்மேனின் சோதனையை எடுத்தாண்டு முன்வைத்த கோட்பாடு அவருடைய முடிவைவிட நுட்பமானது. பிள்ளைக்காக அதிகம் உழைக்கும் பாலினமே துணையைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் என்றார் டிரிவர்ஸ். அது பெண்ணாகவே இருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் காணக்கிடைக்கும் நீளவால் இலைக்கோழியில் அடைகாப்பதும் குஞ்சுகளைப் பேணுவதும் ஆண்தான். பெண்ணோ பல ஆண்களுடன் கூடுகிறது. மனித இனத்தில் தந்தையும் பிள்ளையைச் சுமந்து, ஊட்டி, ஆண்டுக்கணக்கில் வளர்க்கிறான். அப்படியிருக்க, ஈயின் கணக்கு அவனுக்கு எப்படிச் செல்லும்?

37 பண்பாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் உளவியலாளர் டேவிட் பஸ் துணைத்தேர்வு பற்றி நடத்திய ஆய்விலிருந்து, பெண்கள் பொருள்வளத்தையும் ஆண்கள் இளமையையும் கூடுதலாக மதித்தார்கள் என்ற பகுதியை மட்டும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த வேறுபாடு உண்மைதான். ஆனால் அதே தரவுகளை 1999இல் மீண்டும் ஆராய்ந்த உளவியலாளர்கள் ஆலிஸ் ஈக்லியும் வெண்டி வுட்டும், பாலினச் சமத்துவம் மிகுந்த நாடுகளில் அவ்வேறுபாடுகள் சில குறைவதைக் காட்டினார்கள். மேலும், அன்பும் புரிந்துணர்வும் அறிவும் உள்ள துணை வேண்டும் என்பதையே ஆண், பெண் இருவரும் பட்டியலின் உச்சியில் வைத்திருந்தார்கள். இயல்பைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியையும் சேர்த்து எழுத வேண்டும்.