தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் வேன் சூடேறாதா?

"சிங்கப்பூரில் பனியா கொட்டுகிறது? பழைய வேனில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் போதும், இஞ்சின் சூடேறாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

தெர்மோஸ்டாட் என்பது சூட்டுக்கேற்பத் திறந்து மூடி, இஞ்சின் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு. அது குளிர்நாட்டுக்கு மட்டுமான சாமான் இல்லை. பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கி, இஞ்சினைச் சரியான சூட்டில் வைத்திருப்பதே அதன் வேலை. கழற்றிவிட்டால், பிஐஇ விரைவுச்சாலையில் சீராக ஓடும்போது இஞ்சின் தேவைக்கு மேல் குளிர்ந்து டீசலைக் கூடுதலாகக் குடிக்கும். சூடேறுவதற்கு அந்தத் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டர் அடைத்துப்போனது காரணம் என்றால், அந்த அடைப்போ அப்படியேதான் இருக்கும். தெர்மோஸ்டாட் மீது சந்தேகமா? வேண்டாத சட்டியில் தண்ணீர் ஊற்றி, தெர்மோஸ்டாட்டைக் கம்பியில் தொங்கவிட்டுச் சுடவையுங்கள். தண்ணீர் கொதித்தும் வால்வு திறக்கவில்லை என்றால் புதியது போடுங்கள்.

சரி, குழாய்த் தண்ணீருக்குப் பதில் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் திரவம் எதற்கு? அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. நம் வெயிலுக்கு இரண்டும் வேண்டும். வெறும் தண்ணீரில் ஓடிய வேனின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் பல நேரம் செம்பழுப்புத் துருநீர்தான் நிற்கும். இஞ்சின் நன்றாக ஆறிய பிறகே திறங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்.

அப்புறம், நெரிசலில் மட்டும் இஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி ஏறினால் முதலில் ரேடியேட்டர் விசிறியைப் பாருங்கள். வேகமாகப் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பைச் சந்தேகிக்கலாம்.