ஊசி குத்திக்கொள்ளப் போகிறவள் எழுதுவது

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்த மருத்துவர் சொன்னது இந்நேரம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். மாதவிடாய் நின்ற பெண்கள், உடம்பில் திடீரென்று ஏறும் அனலைத் தணிக்க, மெல்லிய ஊசி குத்தும் அக்குபங்சர் சிகிச்சைக்குப் போவதற்கும், வீட்டில் கணவரிடம் கிடைக்காத கவனிப்புக்கும் அவர் போட்ட முடிச்சை நான் மறுபடி எழுதப் போவதில்லை. அரங்கம் சிரித்தது. மூன்றாவது வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். போன மாதம்தான் எனக்கு ஊசி போடுகிற பெண்ணின் எண்ணை என்னிடம் கேட்டு வாங்கிய தோழியும் பக்கத்தில் இருந்து சிரித்தார். அது போகட்டும்.

ஊசியால் பயனில்லை என்று அந்த மருத்துவர் காட்டிய ஆய்வு பொய்யல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவில் 327 பெண்களிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வு அது. எட்டு வாரத்தில் பத்து முறை உண்மையான ஊசி குத்திக்கொண்டவர்களுக்கும், தோலைத் துளைக்காத போலி ஊசியை வைத்துக்கொண்டவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரு தரப்பிலும் அனல் ஏறத்தாழ 40 சதவீதம் தணிந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் 209 பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. ஆறு மாதத்தில் 20 முறை வரை ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. போடாமல் காத்திருந்தவர்களுக்குக் குறையவே இல்லை. முதலாவதை மேடையில் சொன்னவர் இரண்டாவதைச் சொல்லவில்லை. இரண்டாவதில் போலி ஊசி கிடையாது, ஆகவே குறைத்தது ஊசியா, பேச்சா, படுக்கையா என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது என்பது கணக்கு ஆசிரியையான எனக்கும் தெரியும். ஆராய்ச்சி செய்கிறவர்கள் பிரித்துக்கொள்ளட்டும். எனக்குக் குறைந்தது என்பதுதான் என் கணக்கு.

எதிலிருந்து குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். போன ஆகஸ்டில் பத்தாம் வகுப்புக்கு இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். அடிவயிற்றிலிருந்து குப்பென்று கிளம்பிய அனல் கழுத்தைத் தாண்டிக் காது வரை ஏறியது. கையிலிருந்த சாக்பீஸ் வேர்வையில் நமுத்து விரலோடு ஒட்டிக்கொண்டது. முதல் பெஞ்சுப் பெண் எழுந்து, “டீச்சர், ஃபேன் போடட்டுமா?” என்று கேட்டாள். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரவில் மூன்று முறை எழுந்து நைட்டி மாற்றினேன். மார்கழியிலும் மின்விசிறியை ஐந்தில் வைத்ததால் என் கணவர் இரண்டு போர்வைக்குள் முடங்கிக் கிடந்தார். பாவம், அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நான் எடுத்த எடுப்பில் ஊசிக்கு ஓடவில்லை. நகரின் பெரிய மருத்துவமனை ஒன்றில் இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனேன். “இது எல்லாப் பொம்பளைங்களுக்கும் வர்றதுதாம்மா” என்றார்கள். மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இந்த அனல் அடிக்கடி வருகிறவர்களுக்கு அது நீடிக்கும் காலத்தின் இடைநிலை அளவு 7.4 ஆண்டு. ஏழு ஆண்டு அனலுக்கு மூன்று நிமிடம்.

தல்லாகுளத்துப் பக்கம் ஒரு வீட்டின் முன்னறையில், இயற்கை மருத்துவப் பட்டம் படித்த அந்தப் பெண் என்னிடம் முதல் நாளில் நாற்பது நிமிடம் கேள்வி மட்டும் கேட்டார். எத்தனை மணிக்கு வருகிறது, காபி குடித்தால் கூடுகிறதா, தூக்கம் முதலில் கலைகிறதா அல்லது வேர்வை முதலில் வருகிறதா என்றெல்லாம் என் அம்மாகூட என்னிடம் கேட்டதில்லை. பிறகு உள்கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே ஓர் ஊசி, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் ஓர் ஊசி. வலி என்று சொல்ல முடியாது. உள்ளே ஏதோ கனக்கும், அவ்வளவுதான். விளக்கை அணைத்துவிட்டு இருபது நிமிடம் படுக்க விடுவார். நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்: ஒரு நாளில் ஒன்பது, பத்து முறை வந்த அனல் ஆறு வாரத்தில் ஐந்துக்கு வந்தது. நிற்கவில்லை. குறைந்தது. நான்காவது காபியை விட்டதாலும் இருக்கலாம், அதையும் மறைக்கவில்லை.

ஹார்மோன் மாத்திரை இதைவிட நன்றாகக் கேட்குமே என்பீர்கள். கேட்கும், அதுதான் இருப்பதில் பலமான மருந்து. ஆனால் என் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்து அறுவை செய்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த ஹார்மோன் மாத்திரை ஆய்வை, மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று 2002-இல் நடுவிலேயே நிறுத்தியது உலகச் செய்தி. அறுபது வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் தொடங்கும் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்று பிற்பாடு தெளிவுபடுத்தினார்கள். அக்காவுக்கு வந்ததாலேயே எனக்குக் கூடாது என்பதில்லை என்றும் படித்தேன். படித்ததால் பயம் போய்விடுமா? அந்தப் பயத்தோடு என்னை ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பேசியிருந்தால் மாத்திரையையே வாங்கியிருப்பேனோ என்னவோ. பேசாமல் அனுப்பிவிட்டு, பிறகு மேடையில் ஏறி ஏன் அங்கே போனாய் என்று சிரிப்பது என்ன நியாயம்?

போலிகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று ஒருவர் நேற்றே எழுதிவிட்டார். தொட்டாலே குணமாகும், சர்க்கரை மாத்திரையை நிறுத்து என்று சொல்கிறவர்களிடம் நான் போகவில்லை, யாரையும் போகச் சொல்லவும் இல்லை. ஓராண்டு நின்ற பிறகு மறுபடி உதிரம் பட்டால் இங்கே வராதீர்கள், நேராக ஸ்கேனுக்குப் போங்கள் என்று எனக்குச் சொன்னவரே ஊசி போடுகிற அந்தப் பெண்தான். காசு வீண் என்கிறவர்களுக்கு: அது என் சம்பளம்.

உண்மையில் ஆய்வு பற்றியோ மாத்திரை பற்றியோ எனக்குக் கோபமில்லை என்பது இவ்வளவு எழுதிய பிறகு எனக்கே தெரிகிறது. மேலூர்ப் பக்கம் எங்கள் வீட்டின் பின்கட்டில் ஒரு துவைகல் உண்டு. அம்மாவுக்கு நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு வயது இருக்கும்; நடு இரவில் எழுந்து போய் அந்தக் கல்லில் உட்கார்ந்து, பனியிலும் குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொள்வாள். “உடம்புக்குள்ள தீ ஓடுதுடீ” என்பாள். அப்பத்தா, “உங்காத்தாளுக்குச் சாமி வந்துருச்சு” என்று சொல்ல, நானும் அக்காவும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்போம். அப்பா திரும்பிப் படுத்துக்கொள்வார். ஏன் ஊற்றிக்கொள்கிறாய் என்று அவளை யாரும் கேட்டதில்லை. காலையில் ஈரத் தலையோடு எங்களுக்கு இட்லி ஊற்றுவாள்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கத்தில் கேட்டது எனக்குப் பழக்கமான சிரிப்பு. பதினைந்து வயதில் நான் சிரித்ததும் அப்படித்தான் இருந்தது.

சனிக்கிழமை நாலரைக்கு எனக்கு முறை. பக்கத்தில் உட்கார்ந்து சிரித்த தோழி வருவதாக இருந்தால், எண் அதேதான். காலையில் காபி வேண்டாம்.